பட்டம் இல்லாத பறவை மனிதர்

சென்ற ஜனவரியில் நாம் வேடந்தாங்கல் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? ஏரிக்குள் நிற்கும் மரங்களில் இலையே தெரியாத அளவுக்கு நாரையும் கூழைக்கடாவும். பாதிப்பேர் போட்டோ எடுப்பதிலேயே இருந்தோம். பைனாகுலரைக் கையில் கொடுத்த சார், சலீம் அலியைத் தெரியுமா என்று கேட்டார். ஒருத்தருக்கும் தெரியவில்லை. எனக்கு வெட்கமாகிப் போய், நூலகத்தில் தேடிப் படித்தேன்.

அவர் 1896 நவம்பர் 12-இல் பம்பாயில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா, அம்மா இருவரையும் இழந்து மாமா வீட்டில் வளர்ந்தார். பையனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம். அது என்ன குருவி என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனவர், அங்கே பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைப் பார்த்து மயங்கிவிட்டார். பறவைகளின் காவலர், ஒரு குருவியைக் கொன்றுதான் ஆரம்பித்திருக்கிறார்!

கல்லூரியைப் பாதியில் விட்டு பர்மாவுக்குப் போய் குடும்பத் தொழிலைப் பார்த்தார். திரும்பி வந்து விலங்கியல் படித்தும் பட்டம் வாங்கவில்லை. அதனால் அரசு விலங்கியல் ஆய்வுத் துறையில் வேலை கிடைக்கவில்லை. இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். டிப்ளமோன்னா அது டிகிரியா என்று ஊரில் கேட்டால், அப்பா பதில் தெரியாமல் சிரிப்பார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அவர் வசதியான குடும்பம். 1926-இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் கிடைத்த வேலையும், ஜெர்மனிக்குப் போய் பறவையியல் கற்றுத் திரும்பியபோது பணமில்லை என்று எடுக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் கிஹிம் என்ற கடலோர ஊரில் தங்க மனைவி வழி வீடு இருந்தது. நமக்கு அப்படி ஏது?

அந்த வீட்டுப் பக்கத்து மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. வேலையில்லாத மனுஷன் 1930-இல் மாதக்கணக்கில் அவற்றையே பார்த்தார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டி நிறுத்தும். பெண் வந்து சோதித்து, பிடித்தால் குடிவரும். பிறகுதான் மீதி வேலை. அது முடிந்ததும் ஆண் அடுத்த பெண்ணுக்காக அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும்! நம் ஒர்க்‌ஷாப்பில்கூட இவ்வளவு கறாரான இன்ஸ்பெக்‌ஷன் கிடையாது.

1941-இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய புத்தகம் வந்தது. பின்னர் ரிப்ளியோடு சேர்ந்து 10 தொகுதிகள் எழுதினார். பரத்பூர் சரணாலயத்துக்கும் அமைதிப் பள்ளத்தாக்குக்கும் குரல் கொடுத்தார். 1976-இல் பத்ம விபூஷண். 1987 ஜூன் 20-இல் 90 வயதில் மறைந்தார்.

ஆட்டோமொபைல் நண்பர்களுக்கு மட்டும் ஒரு சேதி: மனுஷன் பெரிய பைக் பைத்தியம். 1950-இல் ஸ்வீடனில் நடந்த பறவையியல் மாநாட்டுக்கு, தன் சன்பீம் பைக்கைக் கப்பலில் ஏற்றிப் போய், ஐரோப்பாவில் ஓட்டி, வழியில் விழுந்து எழுந்து போய்ச் சேர்ந்தார். இந்தியாவிலிருந்தே ஓட்டி வந்துவிட்டார் என்று அங்கே சிலர் நினைத்தார்களாம்.

ஒரகடம் ரோட்டில் ஒரு கம்பெனிச் சுவரை ஒட்டிய பனையில் நாலைந்து கூடுகள் தொங்குகின்றன. இரண்டு பாதியிலேயே நிற்கின்றன. பஸ்ஸில் போகும்போது இடது பக்கம் பாருங்கள்.