யார் இந்த எரிக் டிரேசி? ரயில் பாதையோரம் கேமராவோடு நின்ற பிஷப்

கேமரன் மலையில் ரயில் கிடையாது. கம்போங் ராஜாவில் இருந்து ரயிலை போட்டோ எடுக்கணும்னா, சிம்பாங் பூலாய் சாலை வழியாக ஈப்போவுக்கு இறங்க வேண்டும். அப்படிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். பெயர் எரிக் டிரேசி.

1907-இல் லண்டனில் பிறந்தவர். ஆங்கிலிக்கன் பாதிரியார். 1930-களில் லிவர்பூலின் எட்ஜ் ஹில் வட்டாரத்தில் பணியாற்றினார். ரயில்வே தொழிலாளர்கள் நிறைந்த பகுதி அது. அவர்களோடு பழகப் பழக, ரயில் மீதும் ஆசை ஒட்டிக்கொண்டது. எஞ்சின் ஓட்டுகிறவர்களும் கரி அள்ளிப் போடுகிறவர்களும் அவருக்கு நண்பர்கள் ஆனார்கள். படத்தில் புகை நன்றாக விழ வேண்டுமென்றால், அவர்களிடமே சொல்லி வைப்பாராம்!

ஒன்றைக் கவனிக்கணும். தண்டவாளத்தை ஒட்டி நிற்க அவர் ரயில்வேயிடம் அனுமதி வாங்கியிருந்தார். ஈப்போ பாதையிலோ தலைக்கு மேலே 25,000 வோல்ட் மின்கம்பி ஓடுகிறது. வேலி தாண்டும் வேலையே வேண்டாம், பிளாட்ஃபார்மே போதும்.

இரண்டாம் உலகப் போரில் ராணுவப் பாதிரியாராகப் போய் வந்தார். 1968-இல் வேக்ஃபீல்ட் பிஷப் ஆனார். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வே தன் பிரதான பாதைகளில் நீராவி எஞ்சின்களை நிறுத்தியது. வாரக்கணக்காக, வருடக்கணக்காகப் பாதையோரம் நின்று அவர் எடுத்த படங்கள், இனி ஓடாத ரயில்களின் பதிவாகிவிட்டன.

1978 மே 13. இங்கிலாந்தின் வடக்கே ஆப்பிள்பி நிலையம். சிறப்பு நீராவி ரயில் ஒன்றைப் படம் எடுக்கக் காத்திருந்தபோது, அங்கேயே இறந்துபோனார். வயது 70. அவர் எடுத்த ஆயிரக்கணக்கான படங்கள் யார்க் நகரின் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் உள்ளன.