நிழற்படம் பிடித்த ஆசிரியர்

நிழற்படம் பிடிப்போர் தத்தம் மனம் விழைந்த பொருள்களையே நாடுவர். சிலர் மலையையும் அருவியையும் நாடுவர். சிலர் செல்வர்தம் உருவங்களைப் பிடித்துப் பொருள் ஈட்டுவர். பிறர் கண்ணிற் படலாகாது என்று கதவடைத்து மறைத்த காட்சிகளையே தேடிச் சென்று படம் பிடித்தவர் அமெரிக்க நாட்டு லூயிஸ் ஹைன் ஆவார்.

ஹைன் 1874ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷ் என்னும் ஊரிற் பிறந்தார். 1892இல் அவர்தம் தந்தையார் விபத்தொன்றில் உயிர் துறந்தார். இளைஞர் ஹைன், மரச்சாமான் செய்யும் ஆலையொன்றில் நாள் முழுதும் உழைத்துச் சிறு கூலி பெற்றார். பின்னர் முயன்று கற்று, நியூயார்க் நகரப் பள்ளி ஒன்றில் ஆசிரியரானார். பாடம் நடத்தத் துணையாகும் என்று அப்பள்ளித் தலைவர் நிழற்படக் கருவியைக் கையாளுமாறு அவரைத் தூண்டினார்.

அக்காலத்தே ஐரோப்பாவிலிருந்து ஏழை மக்கள் கப்பல் கப்பலாக எல்லிஸ் தீவில் வந்து இறங்கினர். அவர்களை இழிவாக எண்ணியோர் பலர். ஹைன் 1904 முதல் அங்குச் சென்று, அவர்களுடைய முகங்களில் விளங்கிய பெருமிதம் தோன்றப் படம் பிடித்தார்.

அந்நாளில் அமெரிக்காவில் சிறுவர் சிறுமியர் பெருந்தொகையாக வேலைக்கு அனுப்பப்பட்டனர். 1900ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, பத்து முதல் பதினைந்து வயது வரையுள்ள குழந்தைகளுள் 17 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கூலி வேலை செய்தனர். இக்கொடுமையை ஒழிக்க முயன்ற தேசியக் குழுவுக்காக ஹைன் 1908இல் பள்ளிப் பணியை விட்டார். பழகிய வகுப்பறையைத் துறப்பது எளிதன்று என்பதை ஆசிரியத் தொழில் செய்தோர் அறிவர்.

ஆலை முதலாளிகள் அவரை எளிதில் உள்ளே விடுவரோ? ஓரிடத்தில் தீக்காப்பு ஆய்வாளர் என்றும், ஓரிடத்தில் விவிலியம் விற்பவர் என்றும், மற்றோரிடத்தில் எந்திரங்களைப் படம் பிடிக்க வந்தவர் என்றும் சொல்லி நுழைந்தார். தம் மேற்சட்டையின் பொத்தான்கள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளன என்பதை முன்னரே அறிந்திருந்தார். அவற்றைக் கொண்டே அருகில் நிற்கும் குழந்தையின் உயரத்தைக் கணித்தார். சட்டைப் பைக்குள் கைவிட்டவாறே பிறர் அறியாமற் குறிப்பும் எழுதிக் கொண்டார்.

1908இல் வட கரோலினா மாநிலத்துப் பஞ்சாலை ஒன்றில் நூற்கும் சிறுமி ஒருத்தியைக் கண்டார். அவள் உயரம் 51 அங்குலம். அஃதாவது நாலேகால் அடி. கூலியோ நாளொன்றுக்கு 48 சென்ட். சில நாள் இரவிலும் வேலை உண்டு. வயதைக் கேட்டபோது அவள் தயங்கி, நினைவில்லை என்றாள். பின்னர், வேலைக்குரிய வயது தனக்கு ஆகவில்லை என்றும், ஆயினும் செய்து வருவதாகவும் மெல்லச் சொன்னாள். 1911இல் பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியிற் சிறுவர்கள் குனிந்த முதுகுடன் அமர்ந்து, ஓடிவரும் கரியிலிருந்து கல் பொறுக்குவதைப் பிடித்தார். ஆங்குக் கரித்தூசி எதிரிலிருப்பதையும் மறைத்தது.

படத்துடன் நாளும் இடமும் எழுதுவதில் அவர் சிறிதும் சோர்ந்தாரல்லர். பொய்யர் கையிலும் நிழற்படக் கருவி உண்டு என்பதை அவர் அறிவார். ஒரு படம் பொய்யெனத் தெரியின் எல்லாப் படங்களையும் உலகம் தள்ளிவிடும். அவருடைய படங்களுள் அழகால் நம்மைக் கவர்வன பல. எனினும், அவற்றின் வலிமை அந்தச் சிறு குறிப்புகளிலேதான் பெரிதும் உள்ளது என்பது என் கருத்து.

இப்படங்கள் இதழ்களிலும் கண்காட்சிகளிலும் வெளிவந்தன; மக்கள் மனம் கலங்கினர். பதினான்கு வயதுக்குட்பட்டோரைக் கொண்டு ஆலைகளிற் செய்த பொருள்களை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பலாகாது என்று 1916இல் சட்டம் பிறந்தது. 1918இல் நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் அதனைச் செல்லாதாக்கிவிட்டது. பதினாறு வயதுக்குட்பட்டோரை ஆலையிலும் சுரங்கத்திலும் அமர்த்துவதைத் தடுக்கும் சட்டம் 1938இலேதான் நிலைபெற்றது.

திருத்த வேண்டியதைக் காட்டுதல் போலவே போற்ற வேண்டியதைக் காட்டுதலும் தம் கடன் என்று ஹைன் கருதினார். ஆதலின் 1930இல், ஐம்பது வயதைக் கடந்த நிலையிலும், 102 மாடி எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழும்போது உச்சிக்கு ஏறினார். வானத்து நடுவே இரும்புத் தூண்களை இணைத்த தொழிலாளரைப் படம் பிடித்தார்.

முதுமையில் அவருக்கு வேலை தருவார் இல்லை. வறுமை சூழ்ந்து, வீட்டையும் இழந்தார். 1940ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் மறைந்தார். குழந்தைகளைக் குறித்து அவர் எடுத்த படங்களுள் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவை, குறிப்புகளுடன் வாஷிங்டன் நகரத்துக் காங்கிரசு நூலகத்தில் உள்ளன. அந்த நூற்பாலைச் சிறுமியும் அங்கே இருக்கிறாள்.