நாய்களின் ஆசிரியை பார்பரா வூட்ஹவுஸ்

நன்றியுள்ள பிராணி எது என எமது சிறார்களைக் கேட்டால் நாய் என்றே விடை வரும். அந்த நாயை அன்போடும் கண்டிப்போடும் பழக்குவது எவ்வாறு என்பதை ஒரு நாட்டு மக்களுக்கே கற்பித்த பெண்மணியை இங்கு நினைவுகூர விரும்புகின்றோம்.

பார்பரா 1910ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள், அயர்லாந்தின் டப்ளின் நகருக்கு அண்மையிலுள்ள ராத்ஃபார்னமில் பிறந்தார். தந்தையார் அங்கிருந்த புனித கொலம்பா கல்லூரியின் தலைமை ஆசிரியர். பார்பரா சிறுமியாக இருந்தபோதே தந்தையார் காலமானார். குடும்பம் இங்கிலாந்துக்குப் பெயர்ந்தது. இளமை தொட்டே பிராணிகள்மீது பற்றுக்கொண்ட அவர், பெண்கள் விவசாயம் பயில்வது அரிதாக இருந்த அக்காலத்தில், ஹார்ப்பர் ஆடம்ஸ் விவசாயக் கல்லூரியில் ஆண்களிடையே தனியொரு பெண்ணாகப் பயின்றார்.

1930களில் ஆர்ஜென்டினா சென்று பண்ணைகளில் குதிரைகளைப் பழக்கினார். அடித்தும் கட்டியும் குதிரையை அடக்குவதே அங்கு வழக்கம். பார்பராவோ குதிரையின் மூக்கருகே மெல்ல மூச்சுவிட்டு அதன் அச்சத்தைப் போக்கினார். குவாரனி இன மனிதர் ஒருவரிடம் இதனைக் கற்றதாக அவரே எழுதியுள்ளார்.

நாடு திரும்பியபின் 1940இல் மைக்கேல் வூட்ஹவுஸ் என்னும் மருத்துவரை மணந்தார். மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே நாய்ப் பயிற்சி வகுப்புகளையும் நடத்தினார். அவரது கிரேட் டேன் இன நாயான ஜூனோ திரைப்படங்களிலும் நடித்தது. பிராணிகளுடன் பேசுதல் பற்றிய அவரது நூல் 1954இல் வெளிவந்தது.

எனினும் பெரும் புகழ் அவரை நாடி வந்தது எழுபதாவது வயதை எட்டும் வேளையிலேயே. 1980இல் பி.பி.சி. தொலைக்காட்சி அவரது பயிற்சித் தொடரை ஒளிபரப்பியது. முழங்கால் மறைக்கும் பாவாடையுடன், கணீரென்ற குரலில் அவர் இட்ட கட்டளைகளைச் சிறுவர் முதல் முதியோர் வரை சொல்லி மகிழ்ந்தனர். ஆயினும் அவர் அதிகம் கண்டித்தது நாய்களையன்று, அவற்றின் எசமானர்களையே. கெட்ட நாய் என ஒன்று இல்லை, பழக்கத் தெரியாத மனிதரே உளர் என்பது அவரது உறுதியான கொள்கை. கட்டளை தெளிவாக இருத்தல் வேண்டும். நாய் கீழ்ப்படிந்த கணமே மனமாரப் பாராட்டுதல் வேண்டும் என அவர் வலியுறுத்தினார்.

அவரது முறைகள் யாவற்றையும் இன்றைய வல்லுநர்கள் ஏற்பதில்லை என்பதையும் நாம் கூறவேண்டும். கழுத்தை இறுக்கும் சங்கிலியைச் சுண்டி இழுத்துத் திருத்தும் அவரது வழக்கம் அன்றே கண்டனத்துக்கு உள்ளானது. வலி தருவதை விடுத்து, பரிசளித்துப் பழக்கும் முறையையே இன்று பலர் விரும்புகின்றனர். மூச்சினால் குதிரையின் அச்சம் போக்கியவர், நாயிடத்தும் அம்மென்மையை முழுமையாகக் கைக்கொண்டிருக்கலாம் என்றே நாமும் எண்ணுகின்றோம்.

1984இல் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட அவர், 1988ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் மறைந்தார். சங்கிலியைக் காலம் கைவிடலாம். ஆனால் பிழையை முதலில் தம்மிடமே தேடவேண்டும் என வளர்ப்போருக்கு அவர் புகட்டிய பாடம் நிலைக்கும். நாய்க்குட்டி வேண்டுமென அடம்பிடிக்கும் பிள்ளைகளும், அவர்களை வளர்க்கும் பெற்றோராகிய நாமும் இதனை மனத்திற் கொள்வோமாக.