தாவோ ஹோங்ஜிங்: துறவியும் பதிப்பாசிரியரும்

சீனத் தாவோயிய அடியார் வரலாற்று மரபில் தாவோ ஹோங்ஜிங் (456–536) தனியிடம் பெறுகிறார். இன்றைய நான்ஜிங் நகரை ஒட்டிய பகுதியில் பிறந்த இவர், பத்து வயதளவில் கே ஹோங் இயற்றியதாகக் கூறப்படும் 'சென்சியன் சுவான்' என்னும் அமரர் வரலாற்றுத் தொகுப்பைப் பயின்று துறவில் நாட்டம் கொண்டார் என்பர். தென் சி அரசில் இளவரசர்களுக்கு ஆசிரியராக விளங்கியவர், 492இல் பதவி துறந்து மாவோ மலையில் தங்கினார்.

அம்மலைக்கு உரியது ஷாங்சிங் மரபு. 364ஆம் ஆண்டு முதல் யாங் ஷி என்பவருக்கு இரவுகளில் தேவர்கள் தோன்றி அருளியனவாகப் போற்றப்பட்ட செய்திகளே அதன் அடிப்படை. யாங் ஷியின் மறைவுக்குப் பின் அவ்வேடுகள் பல குடும்பங்களிடையே சிதறின. போலிப் படிகளும் பெருகின. ஹோங்ஜிங் ஊர்தோறும் சென்று மூல ஏடுகளைத் திரட்டினார். கையெழுத்தைக் கொண்டு மெய்யேட்டையும் படியையும் பிரித்தறிந்து, தம் குறிப்புகளுடன் 'சென்காவோ' என்னும் தொகுப்பை உருவாக்கினார். 730 மருந்துப் பொருள்களை விளக்கும் மருத்துவ நூலிலும் இந்நெறி தொடர்ந்தது. அதில் பழைய மூலம் செம்மையாலும் பிற்காலச் சேர்க்கை கருமையாலும் எழுதப்பட்டன.

இந்நெறிக்குக் கடுஞ்சோதனையாக அமைந்தது மாணவர் சோ சிலியாங்கின் மறைவு. பன்னிரண்டு வயதில் ஹோங்ஜிங்கை அடைந்த அவருக்கு 515இல் தெய்வக் காட்சிகள் தோன்றலாயின. மறுவுலகில் அவருக்குப் பதவி காத்திருப்பதாக அவை உணர்த்தின. 516இல், இருபதாம் வயதில், அவர் நச்சுத்தன்மையுடைய அமுத மருந்தை உண்டு இறந்தார். அவர் மறைத்து வைத்திருந்த குறிப்புகளை மலைக்குகை ஒன்றில் ஹோங்ஜிங் கண்டெடுத்தார்.

அவற்றை அற்புதங்கள் நிறைந்த அடியார் கதையாக உருமாற்றும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. அவரோ குறிப்புகளை நாள்முறைப்படி வரிசைப்படுத்தி, தம் விளக்கங்களை மூலத்தினின்றும் வேறுபடுத்தி, 'சோ ஷி மிங்தோங் ஜி' என நான்கு பகுதிகளாகத் தொகுத்து லியாங் பேரரசர் வூவிடம் அளித்தார். மாணவர் தேவபதவி எய்தினார் என்பதே அவருடைய நம்பிக்கை. எனினும், அம்மரணத்தைத் தற்கொலை என ஆராய்வோர்க்கும் இன்று சான்றாவது அத்தொகுப்பே. நம்பிக்கைக்காக மூலத்தைத் திருத்தாத பதிப்புநெறியே மாற்றுப் பொருள்கோளுக்கும் இடமளித்துள்ளது என்பது இதனால் புலனாகிறது.