ஆற்றுக்குப் பாலம் கட்டிய சிரஸ்தார்

நெல்லை ஜங்ஷனில் இருந்து பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறுகிறவர்கள், ஒரு பாலத்தைக் கடந்து போகிறார்கள். கடப்பதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. ஜன்னல் வழியாகத் தாமிரபரணி தெரியும். குளிக்கிறவர்களும், துணி துவைக்கிறவர்களும் தெரிவார்கள். அதற்குள் கொக்கிரகுளம் வந்துவிடும்.

இந்த ஒரு நிமிடப் பயணத்துக்காக, ஒரு காலத்தில் ஜனங்கள் ஆற்றங்கரையில் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

அந்த நிலையை மாற்றியவர், அரசர் அல்ல. ஜமீன்தார் அல்ல. என்ஜினீயரும் அல்ல. கலெக்டர் கச்சேரியில் வேலை பார்த்த சிரஸ்தார். அவர் பெயர் சுலோசன முதலியார். பாலத்துக்கும் அதுதான் பெயர்.

தந்தையும் மகனும்

சிரஸ்தார் என்றால், கலெக்டருக்குக் கீழே இருந்த இந்திய உத்தியோகஸ்தர்களில் தலைமையானவர். ஜில்லாவின் வரிக் கணக்கு முழுவதும் அவர் கை வழியாகப் போகும். வெள்ளைக்கார கலெக்டர்கள் வருவார்கள், போவார்கள். ஊர் விஷயம் தெரிந்தவர் சிரஸ்தார்தான். அதனால் அந்தப் பதவிக்குப் பெரிய மதிப்பு இருந்தது.

சுலோசன முதலியாரின் தந்தை ராமலிங்க முதலியார். இவர் மேஜர் பானர்மேனிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1799-ம் ஆண்டில் கட்டபொம்மன் மீது படையெடுத்துப் போன பானர்மேன்தான் அவர். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்கு ராமலிங்க முதலியார் தூது போய் வந்ததை, நெல்லை வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

ஆகவே, கும்பெனியின் சேவையில் உயர்ந்த குடும்பம் அது. கட்டபொம்மன் தூக்கில் தொங்கிய மண்ணில், இதை யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் தந்தை எந்தப் பக்கம் நின்றார் என்பது ஒரு கதை. மகன் தன் செல்வத்தை என்ன செய்தார் என்பது வேறு கதை.

படகுத்துறை

நெல்லையும் பாளையங்கோட்டையும் இரட்டை நகரங்கள். நடுவே ஆறு. ஒரு கரையில் நெல்லையப்பர் கோவில், கடைவீதி, வியாபாரம். மறு கரையில் கோட்டை, பட்டாளம், சர்க்கார் உத்தியோகஸ்தர்கள். இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு அந்தக் கரையில் வேலை. அந்தக் கரையில் இருப்பவர்களுக்கு இந்தக் கரையில் வேலை.

கோடைக்காலத்தில் ஆற்றில் இறங்கி நடந்து விடலாம். மற்ற காலங்களில் படகுதான்.

தாமிரபரணி மற்ற ஆறுகளைப் போல அல்ல. பொதிகை மலையில் தென்மேற்குப் பருவமழையும் பெய்கிறது. வடகிழக்குப் பருவமழையும் பெய்கிறது. ஆண்டில் இரண்டு முறை ஆறு பெருகும். வயலுக்கு அது வரம். படகுக்கு ஆபத்து. வெள்ளம் வந்தால் படகு ஓடாது. ஓடினாலும் உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

துறையில் கூட்டம் சேரும். முதலில் யார் ஏறுவது என்று தகராறு வரும். கைகலப்பு வரும். பணம் கொடுத்தவர்கள் முந்திக்கொள்வார்கள். ஏழைகள் மூட்டை முடிச்சுகளோடு மணலில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஐம்பதாயிரம் ரூபாய்

ஒரு பாலம் கட்டினால்தான் இதற்கு முடிவு என்று 1840-ம் ஆண்டில் தீர்மானம் ஆயிற்று. அப்போது கலெக்டராக இருந்தவர் ஈ.பி. தாம்சன். பாலப் பணியைக் கவனித்த என்ஜினீயர் ஹார்ஸ்லி.

செலவுக்கு மதிப்புப் போட்டார்கள். ஐம்பதாயிரம் ரூபாய் ஆகும் என்று தெரிந்தது. இன்று அந்தத் தொகைக்கு ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் கூட வாங்க முடியாது. அன்று அது மலைக்க வைக்கும் பணம்.

பொதுமக்களிடம் நன்கொடை திரட்டுவது என்று முடிவாயிற்று. அந்தப் பொறுப்பு சிரஸ்தாரிடம் வந்தது.

பணம் சேரவில்லை. பாலம் வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். பையை அவிழ்க்கத்தான் ஆள் இல்லை. (இந்த வழக்கம் இன்றும் அடியோடு ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது.)

சுலோசன முதலியாருக்கு இரண்டு வழிகள் இருந்தன. கலெக்டரிடம் போய்ப் பணம் வசூலாகவில்லை என்று சொல்லிவிடலாம். அதில் அவமானம் எதுவும் இல்லை. அல்லது மிரட்டி வாங்கலாம். வரிக் கணக்கைக் கையில் வைத்திருக்கும் சிரஸ்தார் கண்ணை உருட்டினால், பணம் வந்து விழும். அந்தக் காலத்தில் அப்படிச் செய்த அதிகாரிகளுக்குப் பஞ்சம் இல்லை.

அவர் இரண்டையும் செய்யவில்லை. முழுச் செலவையும் தாமே ஏற்றுக்கொண்டார். முன்னோர் சேர்த்த சொத்து அதற்குப் போயிற்று. அவருடைய மனைவி வடிவாம்பாள் தன் நகைகளையும் கழற்றிக் கொடுத்தார் என்று நெல்லையில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

என்ஜினீயர் என்ன செய்வார்?

பணம் வந்துவிட்டால் பாலம் வந்துவிடாது. அதற்கு ஒரு தனிக் கல்வி தேவை. சிவில் என்ஜினீயரிங் என்பது அதுதான்.

சிவில் என்ற சொல்லுக்கு இங்கே, பட்டாளம் சாராதது என்று பொருள். பழைய காலத்தில் ஐரோப்பாவில் கோட்டை கட்டுவதும், பாதை போடுவதும் படை என்ஜினீயர்களின் வேலை. பொதுமக்களுக்காகப் பாலம், கால்வாய், கலங்கரை விளக்கம் கட்டியவர்கள் தங்களைப் பிரித்துக் காட்ட, சிவில் என்ஜினீயர் என்று சொல்லிக்கொண்டார்கள். 18-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் ஸ்மீட்டன் என்பவர் முதன்முதலில் அப்படி அழைத்துக்கொண்டார். நம் நாட்டிலோ கும்பெனி காலத்தில் படை என்ஜினீயர்களே இந்த வேலையையும் பார்த்தார்கள். சென்னையில் 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி கல்லூரி, 1859-ல்தான் சிவில் என்ஜினீயரிங் கல்லூரி ஆயிற்று. நெல்லைப் பாலம் அதற்கும் மூத்தது.

ஆற்றுக்குப் பாலம் கட்டப் போகும் என்ஜினீயர், முதலில் கல்லைத் தொடமாட்டார். அளப்பார். ஆறு எங்கே குறுகுகிறது, கரை எங்கே உயர்ந்திருக்கிறது, சாலை எங்கே வந்து சேரும் என்று பார்ப்பார். இது நில அளவை. பிறகு, வெள்ளம் எந்த அளவுக்கு ஏறியது என்று கரையோரத்துக் கிழவர்களைக் கேட்பார். பழைய தடங்களைப் பார்ப்பார். இது நீரைப் பற்றிய படிப்பு. அப்புறம் ஆற்று மணலைத் தோண்டுவார். எத்தனை அடியில் பாறை, எத்தனை அடியில் கெட்டி மண் என்று தெரியவேண்டும். இது மண்ணைப் பற்றிய படிப்பு.

இந்த மூன்றும் முடிந்த பிறகுதான் கட்டிடத்தின் கணக்கு.

பதினொரு கண்கள்

பாலத்தின் நீளம் 760 அடி. அகலம் இருபத்தொன்றரை அடி. ஜனங்கள் கண் என்று சொல்லும் வளைவுகள், பதினொன்று. ஒவ்வொரு வளைவும் 60 அடி. லண்டனில் தேம்ஸ் நதியின் மேல் 1817-ல் திறந்த வாட்டர்லூ பாலத்தின் சாயலில் இது அமைந்தது.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். பதினொரு வளைவு, ஒன்றுக்கு 60 அடி என்றால் 660 அடி. 760-ல் இதைக் கழித்தால் மீதி 100 அடி. பதினொரு வளைவுக்கு நடுவே பத்துத் தூண்கள். ஆக, ஒரு தூணுக்கு ஏறத்தாழ 10 அடி கனம். ஆற்றின் அகலத்தில் ஏழில் ஆறு பங்குக்கு மேல் தண்ணீருக்கு விட்டுவிட்டார்கள். தூணைப் பருமனாக்கினால் பலம் கூடும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஆற்றை நெருக்கினால், அது சீறிக்கொண்டு பாயும். தூணின் காலடி மணலை அரித்துவிடும். உலகத்தில் விழுந்த பாலங்களில் பல, மேலே பாரம் தாங்காமல் விழுந்தவை அல்ல; கீழே மணல் போய் விழுந்தவை.

வளைவு எதற்கு? அப்போது நீண்ட இரும்பு உத்தரம் எளிதில் கிடைக்காது. கம்பி கட்டிய கான்கிரீட் பிறக்கவே இல்லை. கல்லை 60 அடிக்கு நீட்டி வைத்தால் நடுவில் ஒடியும். கல், அழுத்தத்தைத் தாங்கும், வளைவதைத் தாங்காது. ஆகவே சின்னச் சின்னக் கற்களை வில் போல அடுக்குகிறார்கள். ஒவ்வொன்றும் பக்கத்துக் கல்லை நெருக்குகிறது. மேலே வண்டி போனால் நெருக்கம் இன்னும் கூடுகிறது. அந்தப் பாரம் வில்லின் வழியே இறங்கித் தூணுக்குப் போய், தூணில் இருந்து அஸ்திவாரத்துக்குப் போகிறது.

ஆனால் உச்சிக் கல்லை வைக்கும் வரை வளைவு தானாக நிற்காது. கீழே மரச் சாரம் கட்டி, அதன் மேல்தான் அடுக்க வேண்டும். சாந்து இறுகிய பிறகு சாரத்தைப் பிரிப்பார்கள். கொத்தனாரின் நெஞ்சு படபடக்கும் நேரம் அது.

சாந்து என்றால் சுண்ணாம்புச் சாந்து. சிமெண்டு அப்போது நம் ஊருக்கு வரவில்லை. நெல்லைக்குப் பக்கத்தில் தாழையூத்தில் சிமெண்டு ஆலை ஓடத் தொடங்கியது 1949-ல். பாலம் கட்டி முடித்து நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்டது.

திறப்பு விழா

1843-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி பாலம் திறக்கப்பட்டது. அது வடகிழக்குப் பருவமழைக் காலம். படகு நிற்கும் காலத்தில் பாலம் திறந்தது!

அன்று ஊர் திரண்டு வந்தது என்றும், மேளதாளத்தோடு ஊர்வலம் நடந்தது என்றும், பாலத்தில் சுலோசன முதலியாரை முன்னால் நடக்க விட்டார்கள் என்றும் சொல்வார்கள். தன் கச்சேரியில் வேலை பார்த்தவருக்குக் கலெக்டர் வழிவிட்டு நின்றது, அந்த நாளில் சாதாரண விஷயம் அல்ல.

சுங்கம் இல்லை. ஓடக்கூலி இல்லை. கூடை சுமக்கிற பெண்ணும், குதிரை வண்டிக்காரரும் ஒரே பாதையில் நடந்தார்கள். நெல்லைக்கு ரயில் வர இன்னும் 33 ஆண்டுகள் இருந்தன.

வெள்ளம் வைத்த பரீட்சை

1869-ல் தாமிரபரணியில் பெருவெள்ளம். பாலத்தின் ஒரு பகுதி இடிந்தது. 1871-ல் அதைப் பழுது பார்த்தார்கள். அதற்காக முதலில் கட்டியவர்களைக் குறை கூறுவது நியாயம் ஆகாது. கட்டுவதைப் போலவே, கட்டியதைக் காப்பாற்றுவதும் என்ஜினீயரிங்தான். நம் முன்னோர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். இந்த ஆற்றில் உள்ள எட்டு அணைக்கட்டுகளில் ஏழு, வெள்ளைக்காரர் காலத்துக்கு முந்தியவை. மருதூர் அணைக்கட்டும், கன்னடியன் அணைக்கட்டும் இன்றும் வயலுக்குத் தண்ணீர் தருகின்றன. கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு ஒன்றுதான், 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் கட்டியது.

பிற்காலத்தில் மலையடிவாரத்தில் பாபநாசம் அணையும், மணிமுத்தாறு அணையும் வந்தன. ஆற்றின் வேகம் ஓரளவு கட்டுக்குள் வந்தது. பஸ்ஸும் லாரியும் பெருகியதால் பாலத்தை அகலப்படுத்தினார்கள். அருகிலேயே ஜங்ஷனில், ரயில் பாதைக்கு மேலே, 1973-ல் ஈரடுக்கு மேம்பாலம் எழுந்தது. ஆற்றின் குறுக்கே பழைய பாலத்தை ஒட்டி ஒரு புதிய பாலமும் வந்துவிட்டது. இவை எல்லாம் சிவில் என்ஜினீயரிங்கின் கிளைகளே: ஒன்று நீர்ப்பாசனம், ஒன்று சாலை, ஒன்று பாலம்.

இன்னொரு கிளை உண்டு. அது கண்ணுக்குத் தெரியாமல் பூமிக்குள் இருக்கிறது. குடிதண்ணீர்க் குழாயும், சாக்கடைக் குழாயும் போடும் சுகாதார என்ஜினீயரிங். நெல்லை அதில்தான் இன்னும் பின்தங்கி இருக்கிறது. ஊர்க் கழிவு ஆற்றில் கலப்பதைப் பாலத்தின் மேல் நின்று எவரும் பார்க்கலாம்.

1992 நவம்பரில் பெருவெள்ளம் வந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் மறுபடியும் வானம் பொத்துக்கொண்டது. கீழே ஸ்ரீவைகுண்டத்தில், தண்டவாளத்தின் அடி மண் கரைந்து போய், சென்னைக்குப் புறப்பட்ட திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கி நின்றது. நெல்லையில் ஆறு கரை தெரியாமல் ஓடியது. பாலம் நின்றது.

அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னால், 2018 நவம்பர் 27-ல், நெல்லை மக்கள் அந்தப் பாலத்துக்கு 175-வது பிறந்தநாள் கொண்டாடினார்கள்.