தொலைபேசிக் குரலைத் தெளிவாக்கியவர்

மின்பொறியியல் மாணவனாக இருந்தபோது தந்திச் சமன்பாடுகளை மனப்பாடம் செய்தே தேர்வில் தேறினேன். அவற்றுக்குப் பின்னால் ஒரு மனிதரின் வறுமையும் அவருக்கு நேர்ந்த அவமதிப்பும் இருப்பதைப் பாடநூல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் பெயர் ஆலிவர் ஹெவிசைடு.

1850-இல் லண்டனில் எளிய குடும்பமொன்றில் பிறந்தவர். சிறுவயதில் கண்ட ஸ்கார்லெட் காய்ச்சல் அவரது செவித்திறனைக் குறைத்தது. பள்ளிப்படிப்பு 16 வயதோடு முடிந்தது. சில ஆண்டுகள் தந்தி இயக்குநராக இருந்தவர், 1874-இல் பணியைத் துறந்தார். அதன்பின் நிலையான வேலை எதிலும் சேரவில்லை. பெற்றோர் வீட்டிலிருந்தபடியே மாக்ஸ்வெல்லின் மின்காந்தவியல் நூலைத் தாமே கற்றுத் தேர்ந்தார். அக்கோட்பாட்டுக்கு இன்று நாம் அறிந்த நான்கு சமன்பாட்டு வடிவைத் தந்ததில் அவர் பங்கு பெரிது.

கடலடித் தந்திக் கம்பிகளுக்கு வில்லியம் தாம்சன் வகுத்திருந்த கோட்பாடு, மின்தடையையும் மின்தேக்குத்திறனையும் மட்டுமே கணக்கில் கொண்டது. அதன்படி சைகை, இரும்புக் கம்பியில் வெப்பம் பரவுவதுபோல் மெல்லப் பரவும். ஹெவிசைடு 1876-இல் மின்தூண்டலையும், பின்னர் கசிவையும் சேர்த்துக் கணக்கிட்டார். சைகை, கம்பி வழியே செல்லும் அலை என்பது அப்போது தெளிவாயிற்று.

மனிதக் குரலில் தாழ்ந்த ஒலிகளும் உயர்ந்த ஒலிகளும் கலந்துள்ளன. நீண்ட கம்பியில் அவை ஒரே வேகத்தில் செல்வதில்லை. ஒரே அளவில் மெலிவதுமில்லை. அதனால் பேச்சு குழம்புகிறது. மின்தடைக்கும் தூண்டலுக்கும் உள்ள விகிதம், கசிவுக்கும் மின்தேக்குத்திறனுக்கும் உள்ள விகிதத்துக்குச் சமமானால் குரல் மெலியுமே தவிர உருக்குலையாது என்று 1887-இல் அவர் நிறுவினார். நடைமுறைக் கம்பிகளில் இச்சமநிலையை நெருங்கத் தூண்டலைக் கூட்ட வேண்டும் என்றார்.

தூண்டலைத் தீமையென்றே கருதியவர் பிரிட்டன் அஞ்சல் துறையின் மின் உயரதிகாரி வில்லியம் பிரீஸ். அத்துறையில் பணியாற்றிய அண்ணன் ஆர்தருடன் இணைந்து ஹெவிசைடு எழுதிய கட்டுரை, பிரீஸின் எதிர்ப்பால் வெளிவராமல் போயிற்று. பின்னர் அமெரிக்காவில் கேம்பெல், பியூபின் ஆகியோர் கம்பியில் இடைவெளிவிட்டுச் சுருள்களைப் பொருத்தித் தொலைதூரப் பேச்சைச் சாத்தியமாக்கினர். பியூபின் தம் காப்புரிமையால் பெருஞ்செல்வம் ஈட்டினார். காப்புரிமை பெறாத ஹெவிசைடுக்குப் பயன் ஏதும் கிட்டவில்லை.

சிறப்புகள் வராமலில்லை. 1891-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1922-இல் முதல் ஃபாரடே பதக்கம் அவருக்கே வழங்கப்பட்டது. எனினும் தனிமையும் வறுமையும் நீங்கவில்லை. 1925-இல் டார்கீ நகரில் மறைந்தார்.

குறை அவரிடமும் இருந்தது. எளிதில் விளங்காத நடையில் எழுதினார். எதிராளிகளை எள்ளி நகையாடினார். நீட்டப்பட்ட உதவிகளைத் தன்மானம் கருதி மறுத்தார். ஆனால் அவரது கணக்கு சரியா என்று பார்க்க இவை தடையாக இருந்திருக்கத் தேவையில்லை. எவருடைய கருத்து மறுக்கப்படுகிறதோ, அவரிடமே மறுப்பை வெளியிடலாமா என்று முடிவுசெய்யும் அதிகாரமும் இருந்ததே பிழை. இன்றும் நம் அலுவலகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. பட்டமில்லாத ஒருவரின் கணக்கைச் சரிபார்க்க மறுப்பதால் அவர் மட்டும் இழப்பதில்லை. தான் கண்டறிந்ததையே பிறரிடம் கற்றுக்கொள்ளும் நிலைக்கு ஒரு நாடே தள்ளப்படுகிறது.