கல்லுக்கு எடை போட்டவர்!

புதுச்சேரி, மேட்டுப்பாளையத்தில் தொழிற்பேட்டை இருக்கிறது. லாரிகளுக்கான முனையமும் இருக்கிறது. சரக்கு லாரிகள் ஓடும் இது போன்ற இடங்களில், மழைக்காலத்தில் தார் ரோடு பெயர்ந்து குழி விழும். லாரியின் பாரம் தான் காரணம் என்று நினைப்போம். ஆனால், முதல் குற்றவாளி தண்ணீர். இதை அடித்துச் சொன்னவர், ஜான் லவுடன் மெக்கடம்.

ஸ்காட்லாந்து நாட்டில், அயர் நகரில், 1756, செப்டம்பரில் பிறந்தார் மெக்கடம். பத்துக் குழந்தைகளில் கடைக்குட்டி. 1770ல் தந்தை இறந்ததும், நியூயார்க்கில் வியாபாரம் செய்து வந்த பெரியவர் ஒருவரிடம், அதாவது தந்தையின் சகோதரரிடம், கப்பலில் அனுப்பி வைத்தனர். அங்கே கெட்டிக்கார வியாபாரியாகி, நிறைய சம்பாதித்தார். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் பக்கம் நின்றதால், சொத்தில் பெரும்பகுதியை இழந்து, 1783ல் ஊர் திரும்பினார்.

ஊரில் சாலைகளைக் கவனிக்கும் குழுவில் அவரையும் சேர்த்தனர். அந்தக் கால சாலை என்பது, மண்ணும் பெரிய பெரிய கற்களும் கொட்டிய பாதை. மழை பெய்தால் வண்டி சேற்றில் புதையும். ஆனால், சுங்கக் கட்டணம் மட்டும் தவறாமல் வசூலாகும்!

மெக்கடமுக்கு மனசு ஆறவில்லை. சொந்தப் பணத்தைச் செலவழித்து, பல ஆண்டுகள் ஊர் ஊராகப் போய், சுமார் 48 ஆயிரம் கி.மீ., சாலைகளைப் பார்த்தார். 1816ல், பிரிஸ்டல் நகரச் சாலைகளின் மேற்பார்வையாளர் ஆனபோது, அவருக்கு வயது 60ஐ நெருங்கி விட்டது.

அவர் செய்தது என்ன தெரியுமா? புதுக் கல் வாங்கவில்லை. கெட்டுப்போன சாலையையே கொத்திக் கிளறி, அதிலிருந்த பெரிய கற்களைச் சின்னச் சின்ன ஜல்லியாக உடைக்க வைத்தார். பெண்களும் முதியவர்களும் உட்கார்ந்தபடியே, சிறிய சுத்தியலால் உடைத்தனர். ஒரு ஜல்லி, 170 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும்!

ஏன் இத்தனை கறார்? பெரிய கல்லின் மேல் சக்கரம் ஏறினால், கல் புரண்டு விடும். கூர்முனை உள்ள சிறு ஜல்லிகள் மேல் சக்கரம் ஓட ஓட, அவை ஒன்றோடு ஒன்று கோர்த்துக் கொண்டு, கூரை போல இறுகும். தண்ணீர் கீழே இறங்காது. 30 அடி அகலச் சாலையின் நடுப்பகுதியை, 3 அங்குலம் மட்டும் உயர்த்தினார். மழைநீர் இரு பக்கமும் வடிந்தது. அடிமண் காய்ந்திருந்தால், எவ்வளவு பாரத்தையும் அது தாங்கும் என்பது அவர் கணக்கு.

செலவும் குறைந்தது. மகன்களும் இதே வேலைக்கு வந்ததால், குடும்பமே சம்பாதிக்கிறது என்று சிலர் குறை சொன்னார்கள். ஆனாலும், அவர் முறை கடல் கடந்தும் பரவியது. 1823ல், அமெரிக்காவின் மேரிலாண்டில் இதே முறையில் சாலை போட்டனர். வயதைக் காரணம் காட்டி, சர் பட்டத்தை மெக்கடம் ஏற்கவில்லை. அது மகன் ஜேம்சுக்குப் போனது. 1836, நவம்பர் 26ல், 80 வயதில், மோபட் என்ற ஊரில் காலமானார்.

ஒரு வேடிக்கை! ஊரில் இருந்தபோது, நிலக்கரியிலிருந்து தார் எடுக்கும் சூளையையும் நடத்தியவர் மெக்கடம். அந்தத் தார் கப்பலுக்குப் பூசத் தான் போனது. சாலையில் அவர் ஊற்றவே இல்லை. 1901ல், இங்கிலாந்தில் பீப்பாய் உடைந்து தார் கொட்டியதாம். அதன் மேல் இரும்பாலைக் கசடைப் போட்டு மூடிய இடம், தூசியின்றி கெட்டியாக இருந்ததைக் கண்டார், எட்கர் ஹூலி. 1902ல் காப்புரிமை பெற்று, 'டார்மாக்' என்று பெயர் வைத்தார். 'மாக்' என்பது, நம் மெக்கடம் தான்!

இன்று வீட்டு வாசல் தார்த் தரையில் விழுந்த குழியை அடைப்பதும் அவர் வழியில் தான். பெரியவர்கள் செய்யும்போது கவனியுங்கள். பெயர்ந்த துண்டுகளை அகற்றி, குழியின் ஓரத்தை நேராக வெட்டி, ஈரமின்றிப் பெருக்குவர். தார் பூசி, தார் கலந்த ஜல்லியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் திமிசுக் கட்டையால் இடிப்பர். கடைசியில், ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தேங்காமல் ஓடினால், ஒட்டு சரியாக இருக்கிறது.